இடது மணிக்கட்டு

எக்ஸ்ரே அறைக்கு வெளியே
நீல பெஞ்சில் இடித்துக்கொண்டு பதினோரு பேர்.
அதில் ஏழு பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்.
பிறந்தது என்றைக்கோ.
ஒண்ணாம் வகுப்பில் சேர்த்தபோது
தலைமையாசிரியை போட்டுக்கொடுத்த தேதி அது.
அவர் பேனா எழுதிய வரைக்கும்
புளியந்தோப்பில் எல்லாருக்கும் ஒரே பிறந்தநாள்.

அம்மாவைக் கேட்டால்
மூலக்கொத்தளத்தில் பள்ளம் தோண்டின வருஷம் என்கிறாள்.
எந்தப் பள்ளம்?
வருஷா வருஷம் தோண்டுகிறார்களே.
"மழை. கரண்டு இல்ல. நீ அழுவல.
அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

சங்கத்துக்கு யாரோ மனு போட்டிருக்கிறார்கள்:
எபினேசர், இடது விங், பதினேழுக்கு மேல்.
எலும்பு முனையில் இடைவெளி தெரிந்தால் நான் சிறுவன்.
மூடியிருந்தால்
பெங்களூர் அகாடமியின் கடிதம் செல்லாது.
அதை அம்மா
ரேஷன் கார்டு கவரில் வைத்திருக்கிறாள்.
படிப்பு, சாப்பாடு, தங்குமிடம், எல்லாம் அவர்கள் செலவு.
இரண்டாம் பத்தியில் என்னைப் பற்றி ஒரு வரி:
நினைத்த இடத்தில் பந்தை வைப்பவர்.
தமிழில் சொன்னேன்.
இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

இன்னொரு ஃபைல்
விடுதி வார்டன் மேசையில் இருக்கிறது.
அதில் யாரும் என் வயதைக் கேட்கவில்லை.
பகலில் பதினேழுக்குள்,
விளக்கணைத்த பிறகு சீனியர்.

புதிதாக வந்தவனுக்குப் பத்து பெனால்டி.
எனக்கும் அடித்தார்கள்.
அடித்தவர்களில் ஒருவன் இப்போது ரயில்வே டீமில்,
பார்த்தால் பிரியாணி வாங்கித் தருவான்.
கையைப் பின்னால் ஷூ லேஸால் கட்டி
இரண்டு போஸ்டுக்கு நடுவே நிற்க வேண்டும்.
அவ்வளவுதான் விளையாட்டு.
ஒன்பது பந்தை மற்றவர்கள் அடித்தார்கள்.
பாதி வானத்துக்குப் போனது,
ஒன்று சமையலறைத் தகரத்தில் விழுந்து
நாய்களை எழுப்பியது.
சிரிப்பு.
"எபி, நீ அடிடா."

சுடர்மணி. ஒன்பதாம் வகுப்பு. காசிமேட்டுப் பையன்.
கண்ணை மூடிக்கொண்டானா என்றார்கள் விசாரணையில்.
இருட்டு சார்.
பந்து வழுக்கிவிட்டதா?
கோச் லேசாகத் தலையாட்டினார்,
எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி.
வழுக்கிடுச்சு என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன்.

பெங்களூர்க் கடிதம் மெய்யென்றால்
நான் எழுதிய தாள் பொய்.
வலது மேல்மூலையைத்தான் பார்த்தேன் என்று
ராத்திரியில் எனக்கே சொல்லிப் பார்க்கிறேன்.
அவன் காது இருந்த உயரம்
காலுக்குத் தெரிந்திருந்தது.

"கயிறு, மோதிரம் எல்லாத்தையும் கழட்டு."
இடது கையைப் பலகையில் வைக்கிறேன்.
சில்லென்றிருக்கிறது.
"விரலை விரி. அசையாத."
அசையவில்லை.
அவனும் அசையவில்லை அன்றைக்கு.
கையைத்தான் படமெடுக்கிறார்கள்,
காலை யாரும் கேட்கவில்லை.

வெளியே வந்தால்
நான் எழுந்துபோன இடத்தில் அவன்.
காதில் பஞ்சு, விரலிடுக்கில்
காது டாக்டருக்கான டோக்கன்.
பக்கத்தில் இருந்தவன்கள்
ஃபோனுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.

"சுடரு."
கேட்கவில்லை.
"டேய், சுடரு."

முகத்தைத் திருப்பாமல்
எவ்வளவு சத்தம் போடுகிறோம் என்று தெரியாமல்
வராந்தா முழுக்கக் கேட்கும்படி
"இந்தப் பக்கம் வந்து சொல்லுங்கண்ணா" என்கிறான்.

பெஞ்சின் அந்தக் கோடிக்கு
நாலே எட்டு.
பெனால்டிக்கு நான் பின்னால் போகும் தூரம்.